கிணற்று ஊர்க்காரன்

மீன்பிடித் தடை முடிய இன்னும் பதினாறு மணி நேரம் இருந்தது.

நள்ளிரவு தாண்டியதும் விசைப்படகுகள் கடலுக்குள் போகலாம். பாண்டி துறைமுகத்தில் வெற்றிவேல் என்பவரின் படகு பெயின்ட் அடித்து, வலை ஏற்றி, ஐஸ் நிரப்பித் தயாராக நின்றது. அதில் ஏழு பேர் போவார்கள். ஏழாவது ஆள் செஞ்சியில், ஒரு வாடகை வீட்டின் பின்பக்கத்தில், பிளாஸ்டிக் டிரம்முக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றிருந்தான்.

மகாலட்சுமி பின்கதவைத் திறந்தபோது அண்ணனின் முதுகு மட்டும் தெரிந்தது. டிரம்மின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். தண்ணீருக்குள்ளிருந்து குமிழிகள் வந்தன. கொஞ்ச நேரத்தில் நின்றன. பிறகு தலை வேகமாக வெளியே வந்தது.

"இன்னாண்ணா பண்ற?"

தனசேகரன் திரும்பினான். மூக்கிலிருந்து தண்ணீர் ஒழுகியது. இருமி முடிக்கும்வரை அவனால் பேச முடியவில்லை.

"தலைக்கு ஊத்திக்கிறேன். அமாவாசை இல்ல?"

"டிரம்முக்குள்ள பூந்தா?"

அவன் கொடியிலிருந்த துண்டை இழுத்து முகத்தைத் துடைத்தான். "நீ எப்ப வந்த?"

"இப்பதான். தொண்டூர்லேருந்து நின்னுகிட்டே வரேன். பஸ்ஸு பூரா மலையனூர் கூட்டம்." பையைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்தாள். குரலைத் தாழ்த்தினாள். "அண்ணிகிட்ட சொல்லிட்டியா இல்லியா?"

"எத?"

"எதயா?"

உள்ளேயிருந்து கலைமதியின் குரல் வந்தது. "லட்சுமி, வந்துட்டியா? அந்த மிக்சி ஜார கழுவிக் குடு தாயி. கரண்ட் போறதுக்குள்ள வடைக்கு அரைச்சிடணும்."

"தோ வரேன் அண்ணி." அவள் நகரவில்லை. "உனக்கு நீச்சல் தெரியாதுன்னு சொல்லிட்டியான்னு கேக்குறேன்."

"மெதுவா பேசு."

"மெதுவாத்தான் பேசுறேன். நடுக்கடல்ல போய் நிக்கப் போற. டிரம்ல தலைய வுட்டா பழகிடுமா?"

"வீடியோ பாத்தேன் லட்சுமி. மூச்சப் புடிக்கிறதுதான் மொதல்ல. அது வந்துட்டாலே பாதி வந்த மாதிரின்றான்."

"மீதி பாதி?"

தனசேகரன் துண்டைப் பிழிந்தான். அதில் பிழிய ஒன்றும் இல்லை.

"உப்புத் தண்ணி ஆள தூக்குமாமே. நீ படிச்சவதானே, நீயே சொல்லு. தூக்குமா, தூக்காதா?"

மகாலட்சுமி கெமிஸ்ட்ரி படித்தவள். ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். இந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"தூக்கும். ஒடம்ப கொஞ்சம் தூக்கும். மூக்கத் தூக்காது."

அவன் சிரிக்கப் பார்த்தான்.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நீ வாயத் தொறக்காத." சொன்ன வேகத்திலேயே குரல் இறங்கியது. "தெரியாதுன்னா, ஏன் தெரியாதுன்னு கேப்பாங்க. கெணத்து ஊர்ல பொறந்துட்டு ஏன் தெரியலன்னு கேப்பாங்க. அந்தப் போட்டுக்காரங்க முன்னாடி நின்னு அதுக்கு நான் இன்னா சொல்றது?"

 மகாலட்சுமி மிக்சி ஜாரை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

கலைமதிக்கு இது தெரியாது. அவள் திண்டிவனத்தில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். கிணறு என்றால் பஸ் ஜன்னலில் தெரிந்து மறையும் ஒரு சதுரம், அவ்வளவுதான். செஞ்சிப் பக்கத்து ஆண்கள் நடக்கிற வயதிலேயே கிணற்றில் குதித்துவிடுவார்கள் என்று கல்யாணமான புதிதில் யாரோ சொன்னார்கள். அதை அவள் அப்படியே வைத்திருந்தாள்.

திருவண்ணாமலை ரோட்டில் அவளுக்கு ஒரு தள்ளுவண்டிக் கடை. இரண்டு தெர்மாகோல் பெட்டி, புளியங்கட்டை ஒன்று, கத்தி, தராசு. விடிவதற்கு முன் லோடு வேனில் ஏறிப் பாண்டி துறைமுகத்துக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் மீனோடு திரும்பிவிடுவாள். தடைக்காலத்தில் கடல் மீன் கிடையாது. ஏரி ஜிலேபி மீனும் கருவாடும் விற்றாள். ஜிலேபியில் சேற்று வாடை அடிக்கிறதென்று பாதிப் பேர் திரும்பிப் போனார்கள். அந்த இரண்டு மாதத்துக்குள் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கண்ணாடிக் கதவு போட்ட மீன்கடை ஒன்று திறந்துவிட்டது. உள்ளே ஏசி. மீனைச் சுத்தம் செய்து டப்பாவில் போட்டுத் தருகிறார்கள்.

"தடை முடியட்டும் கலை, உன்கிட்டதான் வருவோம்" என்று வாடிக்கைக்காரர்கள் சொன்னார்கள். சொல்லிவிட்டு அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு போனதையும் அவள் பார்த்தாள். தடை முடிந்த முதல் வாரம் எந்தக் கடையில் கை வைக்கிறார்களோ, வருடம் முழுக்க அங்கேதான் போவார்கள். அவள் கடை பிழைப்பதும் மூடுவதும் அந்த ஒரு வாரத்தில் இருந்தது.

வெற்றிவேலின் போட்டில் ஒரு வழக்கம் உண்டு. கூடைகள் ஏலத்துக்குப் போவதற்கு முன், போட்டில் போன ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒரு கூடை ஒதுங்கிவிடும். அந்த வீட்டுப் பெண் வந்து தன் கையாலேயே பொறுக்கிக்கொள்ளலாம். சங்கரா, கிழங்கான், நண்டு, கடம்பா, எது வேண்டுமோ அது. ஐந்து வருடமாகக் கலைமதி அந்தப் பெண்களின் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்திருக்கிறாள். அவள் வாங்குவது ஏலம் முடிந்து, லாரிக்காரர்கள் எடுத்தது போக மிச்சம். செஞ்சிக்கு வந்து சேரும்போது அதன் கண் மங்கியிருக்கும்.

இந்த வருடம் அந்தப் போட்டில் ஓர் இடம் காலியானது. தங்கராசு என்பவர் ஓமனுக்குப் போய்விட்டார். தனசேகரன் வேலை பார்த்த கல் குவாரி பொங்கலோடு மூடிக் கிடந்தது. கல் துளைக்கும் கம்ப்ரசர் பிடித்துப் பிடித்து இறுகிய கைகள் அவனுக்கு. வலை இழுக்க அது போதும் என்று கலைமதிதான் வெற்றிவேலுக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, ஒரு கையால் தோசை திருப்பிக்கொண்டே பேசினாள்.

"ஆளு நல்ல பலம்ணா. ஒரே கையால மூட்டைய தூக்குவாரு."

"அது கெடக்கட்டும். நீச்சல் தெரியுமா?"

"நல்லா கேட்ட போ. கெணத்து ஊர்க்காரருண்ணா. நடக்கக் கத்துக்கறதுக்கு முன்னாடி குதிச்சவரு."

"அப்ப சரி. தெரியாதவன நான் ஏத்த மாட்டேன் தங்கச்சி. போன வருஷம் பட்டதே போதும்."

பக்கத்தில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்த தனசேகரனின் கை ஒரு கணம் நின்றது. பிறகு சட்னியைத் தொட்டது. அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு வாரமாக ஒவ்வொரு வேளையும் அப்படித்தான் கடந்து போனது.

சாப்பாட்டுக்குக் கலைமதி கூப்பிட்டிருந்த போட்டு ஆட்களின் வேன் வந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. சீசன் தொடங்கும் முன் போட்டு ஆட்கள் எல்லாரும் மேல்மலையனூர் போய் அங்காளம்மனைக் கும்பிட்டுவிட்டு வருவது வழக்கம். இந்த வருடம் அமாவாசையும் தடை முடியும் நாளும் ஒன்றாக விழுந்துவிட்டது. நெற்றியில் அப்பிய குங்குமத்தோடு ஆறு பேர் இறங்கினார்கள். முன்னால் வெற்றிவேல். போட்டு அவருடையது, ஓட்டுவதும் அவர்தான். கையில் மஞ்சள் துணியில் கட்டிய எலுமிச்சம்பழங்கள். அதை யாரும் மிதிக்காத இடமாகப் பார்த்து டிவி மேல் வைத்தார். கடைசியாக இறங்கியவர் துரைக்கண்ணு. போட்டில் சமையல் அவர். வயதில் மூத்தவர், வாயிலும் மூத்தவர்.

"யாருப்பா இந்தக் கல்லெல்லாம் கொண்டாந்து அடுக்கனது?" என்று வாசலில் நின்று மலையைப் பார்த்துக் கேட்டார். "ஒண்ணு உருண்டா ஒரு தெரு காலி. எப்படித்தான் தூங்குறீங்க?"

"நீங்க தண்ணி மேல தூங்கறீங்களே, அந்த மாதிரிதான்" என்றாள் கலைமதி.

"அட, பதிலப் பாரு. வெற்றி, இந்தத் தங்கச்சியையே ஏத்திகிட்டுப் போயிடலாம்பா. மாப்பிள்ள கடையப் பாத்துக்கட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். தனசேகரனும் சிரித்தான். அப்படிச் செய்தால் என்ன என்று ஒரு விநாடி நிஜமாகவே நினைத்தான்.

கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். வாழை இலையில் முருங்கைக்கீரை, கத்தரிக்காய் சாம்பார், வேர்க்கடலைத் துவையல், வடை, பாயசம். அமாவாசைக்கும் போட்டு கிளம்பும் நாளுக்கும் கவுச்சி கூடாது. கலைமதி பரிமாற, மகாலட்சுமி பின்னால் ரசச் சட்டியோடு நின்றாள்.

"மீன்காரி வூட்ல கீரை துன்னுட்டுப் போனேன்னு சொன்னா குப்பத்துல எவனும் நம்ப மாட்டான்" என்றார் துரைக்கண்ணு.

"மொத கூடை வரட்டும்ணா. நானே கொழம்பு வெச்சி துறைமுகத்துக்குத் தூக்கிகிட்டு வரேன்."

"கூடைக்கு இன்னும் ஆளே ஏறல, அதுக்குள்ள கொழம்புக்குப் போயிடுச்சி." வெற்றிவேல் தனசேகரனைப் பார்த்தார். "இன்னா தம்பி, பேச்சையே காணோம்? பயமா?"

"இல்லண்ணா."

"மொத நாளு வாந்தி வரும். எல்லாருக்கும் வரும். எலுமிச்சம்பழம் வெச்சிக்க. மத்தபடி வேலை ஒண்ணும் கஷ்டமில்ல. வலை எறங்கும்போது மட்டும் கவுறு எங்க இருக்குது, கால் எங்க இருக்குதுன்னு பாத்துக்க."

"தங்கராசு கதைய சொல்லு" என்றார் துரைக்கண்ணு வடையை மென்றுகொண்டே.

"துன்ற நேரத்துல ஏன்."

"தம்பிக்குத் தெரியணும் இல்ல? கேளுப்பா. போன சீசன் மொத வாரம். இருட்டு. வலை எறங்குது. கவுறு சுருக்குப் போட்டு தங்கராசு கால சுத்திகிச்சி. ஆளு சத்தமில்லாம உள்ள போயிட்டான். நல்ல வேளை, சுருக்கு அவுந்து ஆள வுட்டுடுச்சி. ஆனா போட்டு நிக்குமா? இன்னா பைக்கா, பிரேக் புடிக்க? வலைய அறுத்து வுட்டு, திருப்பி, லைட் அடிச்சித் தேடி... நாங்க போறப்ப அவன் மல்லாக்க மெதந்துகிட்டு இன்னா கேட்டான் தெரியுமா? 'சோறு வெந்துடுச்சா'ன்றான்."

கூடம் சிரிப்பால் நிறைந்தது. வெற்றிவேல் மட்டும் சிரிக்கவில்லை.

"அவ்ளோ நேரம் மெதந்தான். அதான் பொழச்சான்" என்றார். "மெதக்கத் தெரியாதவனா இருந்தா நான் அவன் பொண்டாட்டிகிட்ட போயி இன்னா சொல்லியிருப்பேன்?"

"லைஃப் ஜாக்கெட் இருக்கும் இல்லண்ணா?" என்று மகாலட்சுமி கேட்டாள். வந்ததிலிருந்து அவள் அவர்களிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"இருக்குதும்மா. போட்டுகிட்டு வலை இழுக்க முடியாது. துரைக்கண்ணு தலைக்கு வெச்சித் தூங்குவாரு."

ரசக் கரண்டி சட்டியின் விளிம்பில் இடித்துச் சத்தம் போட்டது. மகாலட்சுமி அண்ணனைப் பார்த்தாள். அவன் இலையைப் பார்த்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். வெகு நேரமாக அதே சோற்றை.

துரைக்கண்ணு பாயசத்தை இலையிலேயே ஊற்றச் சொன்னார். விரலால் வழித்துக்கொண்டே, யாரிடமும் இல்லாமல் பொதுவாகக் கேட்டார். "நீங்க பூர்வீகமா இங்கதானா? செஞ்சியில எந்தப் பக்கம்?"

"தோ, இந்தப் பக்கம்தாண்ணா. இதே வூட்லதான் ஆறு வருஷமா" என்றாள் கலைமதி.

"இது வாடகை வூடுதான? அதுக்கு முன்னாடி?"

கலைமதி சாம்பார் வாளியைக் கீழே வைத்தாள். போனில் பேசும்போது ஊர் செஞ்சி என்பதோடு நிறுத்தியிருந்தாள். யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"ரசம் ஊத்தட்டுமாண்ணா?" என்று மகாலட்சுமி குறுக்கே குனிந்தாள்.

"பாயசத்து மேலயா?"

மறுபடி சிரிப்பு. அந்தக் கேள்வி அதோடு போனது. ஆனால் அது எங்கும் போய்விடவில்லை என்பது அந்த வீட்டு ஆட்கள் மூன்று பேருக்கும் தெரியும். போட்டில் ஆறேழு நாள் ஒரே சட்டியில் சோறு. ஒரே குடத்தில் தண்ணீர்.

கை கழுவப் போனபோது குழாயில் காற்றுதான் வந்தது. கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது, மேல் தொட்டி காலி.

"அடடா, குளிக்கணுமே" என்றார் வெற்றிவேல். "மலையனூர்ல கூட்டம் நெருக்கித் தள்ளுது, தண்ணிகிட்டயே போவ முடியல. இவனையும் சேத்து ஏழு பேரும் ஒண்ணா தலை முழுவிட்டுத்தான் போட்டு ஏறுவோம். அது எங்க நைனா காலத்துலேருந்து வர்றது."

"டிரம்ல தண்ணி இருக்குதுண்ணா" என்றான் தனசேகரன் அவசரமாக. "மொண்டு ஊத்திக்கலாம்."

"ஏழு பேருக்கு ஒரு டிரம்மா? மூஞ்சி கழுவத்தான் ஆவும்."

"பாண்டி போயி குளிச்சிக்கலாமே."

"கெணத்து ஊருக்கு வந்துட்டு டிரம்ல குளிக்கறதா?" என்றார் துரைக்கண்ணு. "எனக்கு ரொம்ப நாளா ஆசைப்பா. பஸ்ல போறப்ப பாப்பேன், பசங்க மேலேருந்து குதிக்கறத. ஒரு தடவ குதிச்சிப் பாக்கணும்."

கலைமதி அதற்குள் போனை எடுத்துவிட்டாள். "அரி அண்ணா கெணறு இருக்குதே! சிங்கவரம் போற ரோட்டுல. போன மழைக்கு ரொம்பனது, இன்னும் எறங்கலன்னு சொன்னாரு. நம்ம கடை வாடிக்கைதான்."

"கலை, வேணாம்" என்றான் தனசேகரன்.

"ஏன், அவரு உன்கூடப் படிச்சவருதானே? ஒண்ணும் சொல்ல மாட்டாரு." போன் காதுக்குப் போயிருந்தது. "அலோ, அரி அண்ணா? நான் மீன்கடை கலை..."

தனசேகரன் சுவரில் கையை ஊன்றிக்கொண்டான். மனைவி சிரித்துச் சிரித்துப் பேசுவதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

வேனில் கடைசி சீட்டில் அண்ணனும் தங்கையும் உட்கார்ந்தார்கள். கலைமதி முன்னால், டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டு போனாள். எதிரே மலையனூர் ஸ்பெஷல் பஸ்கள் வரிசையாக வந்தன. படிக்கட்டில் ஆட்கள் தொங்கினார்கள். வேன் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒதுங்கி ஒதுங்கி நின்றது.

"இப்ப சொல்லிடு" என்றாள் மகாலட்சுமி. "இன்னிக்கு ஒரு நாள் அசிங்கம். அதோட போயிடும்."

"கூடை?"

"கூடை கெடக்குது."

"உனக்குக் கெடக்குது. அவ அஞ்சு வருஷமா அந்தக் கூடையத்தான் நெனச்சிகிட்டு இருக்கறா. கனவுல கூட நண்டு பொறுக்குறா." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "படி இருக்குது. படியிலயே நின்னு ரெண்டு முங்கு போட்டுட்டு ஏறிடுவேன். அதுக்கு நீச்சல் எதுக்கு?"

"கடல்ல படி இருக்குதா?"



அரிகிருஷ்ணன் நிலத்து முனையிலேயே நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, பனியன், கையில் போன். மணிலாக் கடலை பிடுங்கிய நிலம் வெறும் கட்டாந்தரையாகக் காய்ந்து கிடந்தது. பள்ளிக்கூடத்தில் அவரும் தனசேகரனும் ஒரே பெஞ்சு. இப்போது அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தனசேகரன் முடிவு செய்யவே இல்லை. பெயரும் சொல்லாமல், அண்ணே என்றும் சொல்லாமல், எதிரே வந்தால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவான்.

"வாங்க, வாங்க. கடல்காரங்க நம்ம கெணத்துக்கு வந்திருக்கீங்க. இன்னா தனசேகர், பாத்து எவ்ளோ நாளாச்சி!"

"ம்" என்று தலையை ஆட்டினான்.

அகலமான சதுரக் கிணறு. நாலு பக்கமும் கருங்கல் கட்டு. ஒரு பக்கம் சுவரோடு ஒட்டிய படிகள் தண்ணீருக்குள் இறங்கி மறைந்தன. தண்ணீர் கரும்பச்சையாக இருந்தது. யாராவது பேசினால் குரல் அடியில் போய் மோதித் திரும்பி வந்தது.

துரைக்கண்ணுதான் முதலில் ஓடி வந்து குதித்தார். தண்ணீர் மேல்கட்டு வரை தெறித்தது. மற்றவர்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். கத்தலும் எதிரொலியும் சேர்ந்து கிணறு அதிர்ந்தது. வெற்றிவேல் படி வழியாக நிதானமாக இறங்கி, தண்ணீரில் சாய்ந்து நீந்திப் போனார்.

"யோவ் வெற்றி!" துரைக்கண்ணு மூக்கு வரை அமிழ்ந்து, கையைக் காலை உதறி எழும்பினார். "இந்தத் தண்ணி ஆள தூக்கவே மாட்டேங்குதுய்யா! கல்லு மாதிரி உள்ள போறேன்!"

"உப்பு இல்ல இல்ல? அப்படித்தான். கால அடி."

மேலே நின்றிருந்த தனசேகரன் தங்கையைப் பார்த்தான். அவள் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றி இறுக்கியிருந்தாள்.

"எறங்கு மாமா" என்றாள் கலைமதி. அவன் சட்டையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "எல்லாரும் உனக்காக நிக்கறாங்க. மேலேருந்து ஒரு குதி குதி, பாக்கலாம். நானும் பாத்ததே இல்ல."

"படியிலயே எறங்கறேன்."

"இன்னா வெக்கம்?"

அவன் இறங்கினான். இந்தப் படிகளில் அவன் கால் பட்டதில்லை. சின்ன வயதில் அதோ அந்தப் புங்க மரம் வரை வந்திருக்கிறான். குதிக்கிற பையன்களின் சட்டைகளை ஆடு கடிக்காமல் பார்த்துக்கொண்டு, இங்கிருந்து வரும் சத்தத்தைக் கேட்டபடி மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான். கல் குளிர்ந்திருந்தது. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. பாசி வழுக்கியது. இடது கையால் சுவரின் இடுக்கைப் பிடித்துக்கொண்டான். இன்னும் ஒரு படி. நெஞ்சு வரை. மூச்சு தானாகவே மேலே மேலே ஏறிக்கொண்டது.

"அங்கேயே நின்னா எப்படி? நடுவுல வா தம்பி" என்றார் வெற்றிவேல். "ஏழு பேரும் ஒண்ணா முங்கணும். ஒருத்தன் படியில, ஒருத்தன் தண்ணியிலன்னு இருந்தா ஆவாது."

"இங்கேயே முங்கிக்கிறேண்ணா."

"அட, வாப்பா."

வலது காலால் அடுத்த படியைத் தேடினான். அங்கே படி இல்லை. எப்போதோ பெயர்ந்துபோயிருந்தது. உடம்பு சட்டென்று கழுத்து வரை இறங்கியது. வாயில் தண்ணீர் புகுந்தது. கை இடுக்கைக் கவ்விக்கொண்டது. காலை உதைத்துப் பழைய படியைப் பிடித்து ஏறி நின்றபோது இருமல் நிற்கவில்லை.

மற்றவர்கள் கவனிக்கவில்லை. ஒருவன் மேல் ஒருவன் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். வெற்றிவேல் கவனித்தார். மெல்ல நீந்திப் பக்கத்தில் வந்தார். சுவரைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். கம்ப்ரசர் பிடித்த அந்தக் கையின் நகங்கள் வெளுத்திருந்தன.

"தம்பி." மேலே கேட்காத குரலில் கேட்டார். "உனக்கு நீச்சல் தெரியுமா?"

தனசேகரன் உதட்டைத் துடைத்தான்.

"தெரியும்ணா. வழுக்கிடுச்சி."

"மெய்யா சொல்லு."

அவன் மறுபடி இருமினான். வெற்றிவேல் தலையைத் தூக்கி மேலே பார்த்தார். "தங்கச்சி, உன் வூட்டுக்காரருக்கு நீச்சல் தெரியுமா, தெரியாதா?"

கிணறு அந்தக் கேள்வியை இன்னொரு முறை கேட்டது. தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள்.

"இன்னாண்ணா இப்படி கேக்குற?" கலைமதி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "கெணத்து ஊர்ல பொறந்தவரு. மாமா, சொல்லேன்?"

"அண்ணி" என்றாள் மகாலட்சுமி. 

அரிகிருஷ்ணன் மேல்கட்டில் ஒரு காலை வைத்துக் குனிந்தார். உதவி செய்கிற குரலில்தான் சொன்னார். "எங்க செட்டுப் பசங்க எல்லாம் இந்தக் கெணத்துலதாங்க கத்துகிட்டோம். தனசேகர் மட்டும் எறங்க மாட்டாரு. புங்க மரத்தாண்ட உக்காந்துட்டு இருப்பாரு. சின்ன வயசுலேருந்தே தண்ணின்னா பயம்."

தண்ணீரில் இருந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

அந்த வார்த்தையைத் தனசேகரன் பிடித்துக்கொண்டிருக்கலாம். பயம் என்று ஒத்துக்கொண்டு, தலையைக் குனிந்து ஏறிப் போயிருக்கலாம். அதோடு எல்லாம் முடிந்திருக்கும். வேறு எதையும் யாரும் கேட்க மாட்டார்கள். மேலே பார்த்தான். கலைமதி அவன் சட்டையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தாள். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடையை நினைக்கிற முகமாக அது இல்லை.

"பயம்தானா? அதுக்கு மருந்து என்கிட்ட இருக்குது" என்று துரைக்கண்ணு கத்தினார். "நடுவுல இழுத்து வுட்டா தானா வந்துடும். எங்க குப்பத்துல எல்லாப் புள்ளைக்கும் அப்படித்தான்." கையை வீசி நீந்தி வந்தார். சிரித்துக்கொண்டே வந்தார். தண்ணீருக்கடியில் அவர் விரல்கள் தனசேகரனின் கணுக்காலைப் பற்றின.

"வுடுண்ணா" என்றான்.

குரல் சுவர்களில் மோதித் திரும்பியது. துரைக்கண்ணு கையை எடுத்துவிட்டார். வெற்றிவேல் அசையவில்லை. தனசேகரன் சுவரிலிருந்து இடது கையை எடுத்தான். நெஞ்சளவு தண்ணீரில், எதையும் பிடிக்காமல், அந்தப் படியில் நிமிர்ந்து நின்றான். மேலே பார்த்தான். இருபது வருடத்துக்கும் மேலாகக் கூப்பிடாத பெயரைக் கூப்பிட்டான்.

"பயம் இல்ல, அரி. எனக்கு நீச்சல் தெரியாது. காலனிப் பசங்கள உங்க நைனா இந்தக் கெணத்துல எறங்க வுடல."